நல்ல தண்ணீர் நாலு பரல்

பொறியியல் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது சம்பளமில்லாத வேலை. பயம் மட்டும் மாதம் தவறாமல் வந்துசேரும். நீங்களும் கம்பஸ் காலத்தில் ஏதோ ஒரு சங்கத்தில், ஏதோ ஒரு பதவியில் மாட்டுப்பட்டவர் என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சங்கத்தின் பெயர் போட்ட ரீ-சேர்ட்டோடு படத்துக்கு நிற்கிறவர்கள் ஒரு வகை. கடிதத்துக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு நித்திரையைத் தொலைக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. என் வகைக்காரர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

பேனை வைத்திருந்த குற்றம்

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பொதுக்கூட்டம். தலைவர் பதவிக்கு மூன்று பேர் மல்லுக்கட்டினார்கள். என் வகுப்புக் கஜன் வென்றான். "அடுத்தது செயலாளர்" என்றதும் மண்டபம் முழுக்கக் குனிந்து தங்கள் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கியது. நிமிர்ந்திருந்தது நான் மட்டும். கையில் பேனையும் இருந்தது. அடுத்த நாள் சோதனைக்கு ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அந்த வருடம் சங்கத்தின் பெரிய வேலை நெடுந்தீவில். அங்கே ஒரு முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகள் கைகால் கழுவவும் மலசலகூடத்துக்கும் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். நாலு கொங்கிறீட் தூண் எழுப்பி, மேலே தட்டுப் போட்டு, அதில் ஆயிரம் லீற்றர் தொட்டி வைத்து, வெயிலில் ஓடும் பம்பு ஒன்றும் பூட்டிக் கொடுப்பதாகத் திட்டம். நான் புங்குடுதீவில் இறுப்பிட்டிக்காரி. பெயருக்குத்தான் தீவு, பாலம் போட்டிருப்பதால் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போய்விடலாம். நெடுந்தீவுக்குப் படகில்தான் போகவேண்டும், எனக்கோ கடலைக் கண்டால் பயம். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கஜன் முந்திக்கொண்டான்.

"நீர் தீவுப் பிள்ளைதானே யசோ, உமக்குக் கடல் பயமில்லை. நெடுந்தீவு வேலையையும் நீரே பாரும்."

மூன்று பெட்டிகள்

எந்தக் கட்டட வரைபடத்திலும் கீழ் மூலையில் மூன்று பெட்டிகள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். வரைந்த பையன் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போய்விட்டான். நடுப் பெட்டியில் என் பெயர் வந்து விழுந்தது. ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன். ஒரு தொன் என்றால் ஒரு சின்னக் கார். அந்தக் காரைப் பிள்ளைகள் ஓடித் திரிகிற முற்றத்தில் பத்தடி உயரத்தில் நிறுத்தப்போகிறோம், நிற்கும் என்று நான் கையெழுத்து வைக்கவேண்டும். பதினொரு தரம் கணக்குப் பார்த்தேன். பதினொரு தரமும் ஒரே விடை வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சங்கத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் கொண்டுபோனேன். சேர் நிதானமாகப் பார்த்தார். "கணக்குச் சரி. தண்ணிதான் கவனம். உவர்த் தண்ணியில கொங்கிறீட் குழைச்சா வெளியில ஒண்டும் தெரியாது. உள்ளுக்குக் கம்பி கறள் பிடிச்சு ஊதி, ஒரு நாளைக்கு வெடிச்சுக் கொட்டும். நல்ல தண்ணி கொண்டு போங்கோ" என்றார். பிறகு மூன்றாவது பெட்டியில் கையெழுத்து வைத்து, பேனையை மூடிக்கொண்டு, சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"விழுந்தா எனக்கு ரெலிபோன் வரும், உமக்குப் பொலிஸ் வரும்."

குறிகட்டுவானில்

புங்குடுதீவின் மறுமுனையில், குறிகட்டுவான் இறங்குதுறையோடு பஸ்ஸும் றோட்டும் முடிந்துவிடும். நாங்கள் பதினான்கு பேர். எங்களோடு பதினைந்து பை சீமெந்து, கம்பிக் கட்டு, மண்வெட்டிகள், நாலு நீலப் பிளாஸ்டிக் பரல் நிறைய நல்ல தண்ணீர். யாழ்ப்பாணப் பக்கமிருந்து லொறியில் ஏற்றி வந்த தண்ணீர். நயினாதீவு அம்மனுக்குப் போக அர்ச்சனைச் சாமான்களோடு வரிசையில் நின்ற சனம், கடலுக்குள் தண்ணீர் கொண்டுபோகிற எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கியை எடுத்து இறுக்கினேன். மூச்சு முட்டுமளவுக்கு இறுக்கியும் அது தளர்வாக இருப்பதுபோலவே தெரிந்தது. ஒவ்வொரு அலைக்கும் பரல்கள் ஒன்றோடொன்று இடித்தன. பரல் சாய்ந்தால் படகு சாயும், படகு சாய்ந்தால் என்று யோசித்து, அந்த வசனத்தை முடிக்காமல் விட்டேன். "அண்ணை, இண்டைக்குக் காத்துக் கூடவோ? இந்தப் பாரம் தாங்குமோ? போன கிழமையும் இப்பிடித்தானோ?" என்று படகோட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டேன். நாலாம் முறை அவர் சுக்கானை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, பயப்பிடுறதெண்டா கரை தெரியேக்கையே பயந்து முடியுங்கோ, நடுக்கடலில எனக்கு வேலை கிடக்கு."

ருசியான ஒரு கிழமை

வேலை ஒரு கிழமை நடந்தது. அத்திவாரத்தை ஊர் மேசன் அண்ணை முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தார். குசினிச் சுவருக்குப் பின்னால் ஊர் ஆட்கள் கலவை குழைப்பார்கள். எங்கள் பொடியள் வாளியில் தூக்கி வருவார்கள். நான் தூணடியில் நின்று கம்பியின் இடைவெளியை அளப்பேன், கலவையின் இளக்கத்தைச் சோதிப்பேன், கொப்பியில் எழுதுவேன், பயப்படுவேன். எங்கள் நாலு பரல்களும் குசினி வாசலோரம் நிழலில் சாக்குப் போர்த்தபடி நின்றன. வெயில் படாமல் எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினேன்.

முன்பள்ளியை நடத்துகிற ரஞ்சி ரீச்சர் எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். மணிக்கு ஒரு தரம் தேத்தண்ணி. என்ன ருசி! நெடுந்தீவுத் தண்ணீரைப் பழித்தவன் வாயில் மண் என்று கஜன் மூன்றாவது கோப்பையைக் குடித்துக்கொண்டு சொன்னான். நான் மட்டும் பயத்தில் ஒரு கோப்பையும் குடிக்கவில்லை. தட்டுக்குக் கொங்கிறீட் போட்ட அன்று காலையிலிருந்து நின்ற இடத்தை விட்டு அசையாமல் நின்றேன். மேசன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, கொங்கிறீட் இறுக முதல் நீர் இறுகிப் போவீர் போல கிடக்கு, ஒரு வாய் தேத்தண்ணி குடியும்."

வெறும் பரல்

புறப்படுகிற நாள் பிள்ளைகள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். தாய்மார் பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான்கள் தந்தார்கள். தூண்கள் நாலும் நூல் பிடித்தாற்போல நின்றன. தட்டு இறுகியதும் தொட்டியையும் பம்பையும் மேசன் அண்ணை பூட்டிவிடுவதாக ஏற்பாடு. எனக்கே கொஞ்சம் பெருமை வந்தது. ஒரு கிழமையில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பரல்களை ஏற்றப் போனோம். நாலையும் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் ரீச்சரிடம், "தண்ணி காணுமாயிருந்ததோ ரீச்சர்? கலவைக்குத் தட்டுப்படேல்லையே?" என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன். ரீச்சரின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்களை நன்றாகக் கவனித்த திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

"கலவைக்கோ? அதுக்குக் கிணத்துத் தண்ணி கிடக்குத்தானே. நீங்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த நல்ல தண்ணியில ஒரு சொட்டுக்கூட வீணாக்கேல்ல, பிள்ளை. முழுக்க உங்களுக்கே தேத்தண்ணி போட்டனாங்கள்."

கஜனின் விஞ்ஞானம்

திரும்பி வந்த படகில் நான் அலையைப் பார்க்கவில்லை. காற்று அடித்ததா என்றுகூடத் தெரியாது. சேர் சொன்ன வெடிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. பள்ளிக் கிணறு வாயில் வைக்க ஏலாத உவர்.

குற்றம் ரீச்சரில் இல்லை. எங்கள் வீட்டிலும் நல்ல தண்ணீர்க் குடத்துக்கு மூடியும் தனி இடமும் உண்டு. அதில் கால் கழுவினால் அம்மா கையில் எட்டியதால் அடிப்பா. எந்தத் தீவில் எந்தப் பெண் அதைக் கொண்டுபோய்ச் சீமெந்தில் ஊற்றுவாள்? மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இந்தப் பரல் கலவைக்கு" என்று ஒரு வசனம். பதினான்கு பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கம்பஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்திருந்தோம்.

அடுத்த நாள் திட்டக்குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, கட்டியதை உடைக்கவேண்டும் என்றேன். நாலைந்து பேர்தான் இருந்தோம். திறப்பு விழாவுக்குப் பிரமுகரிடம் திகதி கேட்டாயிற்று, கல்வெட்டில் எல்லாருடைய பெயரும் வெட்டியாயிற்று. கஜன் கல்வெட்டின் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். இதைக் கூட்ட அறிக்கையில் எழுத வேண்டாம் என்றான். பிறகு என்னைத் தேற்றுவதற்காக ஒரு தத்துவமும் சொன்னான்.

"உப்புத்தானே யசோ, மனிசருக்கே நாள் முழுக்கச் சேருது, சீமெந்துக்குச் சேராதோ?"

பாஸ்

கொங்கிறீட் போடும்போது அதில் கொஞ்சத்தை எடுத்துச் சின்னச் சதுரக் கட்டிகளாக வார்த்து வைப்பது வழக்கம். இருபத்தெட்டாம் நாள் ஆய்வுகூடத்தில் அதை நெரித்துப் பார்ப்பார்கள். அந்தக் கட்டி உடைந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பொறியியல் மாணவி நானாகத்தான் இருப்பேன். உடைந்தால் பிழை என்று எல்லாருக்கும் தெரியும், நான் வாய் திறக்கத் தேவையில்லை.

உடையவில்லை. கேட்டதைவிடக் கூடுதலான பாரம் தாங்கியது. உவர்த் தண்ணீர் முதலில் அப்படித்தான் நல்ல பெயர் எடுக்கும். கட்டிக்குள் கம்பி கிடையாது, கறள் பிடிக்க ஒன்றுமில்லை. "அண்ணை, மிசின் பிழையாக் காட்டுதோ?" என்று ஆய்வுகூட உதவியாளரிடம் கேட்டேன். இன்னொரு கட்டியையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவதையும் நெரித்த பிறகு அவர் தாளில் முத்திரை குத்தி என் கையில் தந்தார்.

"பாஸ் தங்கச்சி. இனியும் பயப்பிடுறதெண்டா காரணத்தை எழுத்தில தாரும்."

இறுப்பிட்டியில்

பாஸ் தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு மாதமாக நித்திரை இல்லை. வீட்டுச் சாப்பாடு தேற்றும் என்று நினைத்தேன். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில். இத்தனை வருடம் பார்த்த வீடுகள்தான். அன்றைக்கு வீடுகள் தெரியவில்லை, தூண்கள்தான் தெரிந்தன. அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்துக் கட்டிய வாசல் போட்டிக்கோ ஒன்றில் கொங்கிறீட் பாளம் பாளமாகக் கழன்று, உள்ளே கம்பி செந்நிறமாக ஊதிக் கிடந்தது. தொட்டேன். விரலோடு வந்தது.

மதிலோரம் நின்று அதையே பார்த்தேன். அம்மா பின்னால் வந்து, என்னத்துக்கு இதைப் போய் வெறித்துப் பார்க்கிறாய் என்றா. "இது ஆருக்கும் மேல விழாதோ அம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"ஊரில எல்லாருக்கும் தெரியும், அதுக்குக் கீழ ஒருத்தரும் நிக்கிறேல்ல, தெரியாத சின்னனுகள் எண்டாத்தான் பயம்."

முன்மொழிந்து வழிமொழிந்து

கஜன் எழுத வேண்டாம் என்றதை நான் எழுதியிருந்தேன். துணிச்சலில் இல்லை, எழுதாமல் விட்டால் பொலிஸ் வந்து ஏன் எழுதவில்லை என்று கேட்குமே என்ற பயத்தில். அடுத்த பொதுக்கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கைகளை வாசிப்பது செயலாளரின் கடமை. உங்களுக்குத் தெரியும், அந்த வாசிப்பை எந்தச் சங்கத்திலும் எவரும் கேட்பதில்லை. கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரல் நின்றதும் ஒருவர் "ஏற்றுக்கொள்ளலாம் என முன்மொழிகிறேன்" என்பார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டு விழும்.

நானும் அதே இழுவைக் குரலில் வாசித்தேன். "மேற்படி தொட்டித் தாங்கி உவர் நீரில் குழைக்கப்பட்டமையால் பாதுகாப்பற்றது எனவும், அதனை அகற்ற வேண்டும் எனவும் செயலாளர் தெரிவித்தார்." பின்வரிசையில் ஒரு ஜூனியர் தலை நிமிராமலே முன்மொழிந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் வழிமொழிந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். கஜனும் தட்டினான், இரண்டாம் தட்டில் கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் ஒரே ஒருவர் தட்டவில்லை. சேர் எழும்பினார்.

"சங்கம் ஏகமனதா ஏற்றுக்கொண்டாச்சு. எப்ப உடைக்கப் போறியள்?"

போனில்

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து நாற்பது நாளுக்கு மேல் பயந்து செத்தேன். அந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட நான் ரஞ்சி ரீச்சருக்குப் போன் எடுக்கவில்லை. உங்களுடைய உபசரிப்பால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். திறப்பு விழா வரை தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தவளாக இருந்தேனே தவிர, கவனமானவளாக இருக்கவில்லை.

அன்று மண்டப வாசலில் நின்றே எடுத்தேன். காலைப் பத்தரை. ரீச்சர் சந்தோஷமாகப் பேசினார். பம்பு நன்றாக வேலை செய்கிறதாம், தொட்டி நிரம்பி வழிகிறதாம், விழா வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா என்று ஏற்றிவிட்டாராம். பின்னால் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. "பிள்ளையள் எங்க ரீச்சர் நிக்கினம்?" என்றேன்.

"முத்தத்தில நிழல் அந்தத் தாங்கிக்குக் கீழ மட்டுந்தானே, பிள்ளை, பாயை விரிச்சுப்போட்டு அங்கதான் படிப்பிக்கிறனான்."

உடைத்தது

எப்படிச் சொன்னேன், எந்த ஒழுங்கில் சொன்னேன் என்று நினைவில்லை. ரீச்சர் போனைக் கையில் பிடித்தபடியே ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார். பதினெட்டுப் பெயர். பதினெட்டாவது பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டு நின்றதாம். அந்தப் பிள்ளையும் உள்ளே வந்துவிட்டது என்று ரீச்சர் சொல்லும்வரை நான் விரலில் எண்ணிக்கொண்டு நின்றேன். அழுதேன். கஜன் பக்கத்தில் வந்து நின்றான். தத்துவம் சொல்லாமல், நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

மறுநாள் படகில் போனோம். தொட்டியை வெறுமையாக்கி இறக்கி, தட்டையும் தூண்களையும் சம்மட்டிக் கூடத்தால் உடைத்தோம். லேசில் உடையவில்லை. இரண்டு நாள் அடித்தோம், கைகளில் கொப்புளம். மேசன் அண்ணை தன் பங்குக்கு அடித்தபடி, இவ்வளவு நல்லாக் கட்டினதை உடைக்கிறியளே என்று புறுபுறுத்தார். உள்ளே கம்பியில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம் இருந்தது. அது உவர் தந்ததா, கொண்டுவந்தபோதே இருந்ததா என்று எவராலும் சொல்ல ஏலவில்லை. நான் பயந்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில நாட்களில் அந்தக் கேள்விதான் என்னை எழுப்புகிறது.

தொட்டியை நிலத்தில் இரண்டு கல் உயரத்தில் வைத்து, கீழே குழாய் பூட்டிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரம். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். ரீச்சர் எங்களோடு கோபிக்கவில்லை. தேத்தண்ணி போட்டதற்கு அவர் மன்னிப்புக் கேட்டபோதுதான் நான் நிலத்துக்குள் போய்விடக் கூடாதா என்றிருந்தது. கிளம்பும்போது முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். தூண்கள் இருந்த இடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுருட்டிய பாய் கையில் இருந்தது.

"தண்ணி நிலத்திலயும் நிக்கும், பிள்ளை, பிள்ளையளை நான் இனி எங்க இருத்துறது?"

சங்கத்தில் ஒரு வருடம் செயலாளராக இருந்து நான் கட்டிக் கொடுத்ததென்று காட்ட ஒரு தூணும் இல்லை. யார் தலையிலும் ஒன்றும் விழவில்லை என்பதை வேலை விண்ணப்பத்தில் தகைமைகள் என்ற பகுதியில் எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.